நிரந்தரவாச விண்ணப்பமும் நிறுவனத்தின் ஒப்பமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, மணமேல்குடி வட்டாரங்களிலிருந்து திருச்சி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரில் பலர், அங்கே சில ஆண்டுகள் கழிந்ததும் ‘பி.ஆர். போடலாமா’ என்று விசாரிக்கத் தொடங்குகின்றனர். பி.ஆர். என்று சுருக்கி வழங்கப்படும் நிரந்தரவாசத் தகுதி குடியுரிமையிலிருந்து வேறுபட்டது. அதைப் பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டையும் இந்தியக் குடியுரிமையையும் வைத்துக்கொண்டே, எந்த நிறுவனத்தின் பெயரிலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் சிங்கப்பூரில் தங்கவும், விரும்பிய வேலைக்கு மாறவும் உரிமை பெறுகிறார். தகுதியை வழங்குவது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் என்ற அரசு அமைப்பு. வேலை அனுமதிகளைக் கையாளுவது மனிதவள அமைச்சு. இவ்விரண்டும் தனித்தனி அலுவலகங்கள் என்பதையும், தொழிலாளி வேலை செய்யும் கம்பெனி இரண்டிலுமே முடிவெடுக்கும் இடத்தில் இல்லை என்பதையும் தெளிவாக்கிக்கொண்ட பிறகே, நிறுவனத்தின் ஆதரவு எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கேள்விக்கு வர முடியும்.

முதலாளி மனம் வைத்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பி.ஆர். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை ஊர்ப்பக்கம் பரவலாக உண்டு. அந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பைவிட, அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நிறுவனம் தொழிலாளியின் பெயரில் உண்டாக்கிவரும் பதிவுகளுக்கு, அதாவது அவர் எந்தச் சீட்டில் வேலை செய்கிறார், எவ்வளவு ஊதியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, அது வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா, வரி கணக்கில் ஏறியிருக்கிறதா என்பவற்றுக்கு உள்ள மதிப்பு மிகப் பெரியது. ஆகவே இந்த அத்தியாயம் கடிதத்தைக் கடைசியில் வைத்து, சீட்டிலிருந்து தொடங்குகிறது.

சீட்டின் வகை

சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கான வேலைச் சீட்டுகள் மூன்று முக்கிய வகைப்படும். கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் ஆலைப் பணி போன்றவற்றில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கு வழங்கப்படுவது வேலை அனுமதிச் சீட்டு. தொழிலாளர் பேச்சில் இதுவே ‘பர்மிட்’. இடைநிலைத் தொழில்நுட்பப் பணியாளருக்கு உரியது எஸ் பாஸ். பொறியாளர், மேலாளர் போன்றோருக்கு உரியது வேலைவாய்ப்பு அனுமதி அட்டை. இதை ‘இ பாஸ்’ என்பர். வேலையை அடிப்படையாகக் கொண்டு நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பின்னிரண்டு வகையினருக்கே உண்டு. பர்மிட்டில் இருப்பவர் பத்தாண்டு வேலை செய்திருந்தாலும், இருபதாண்டு செய்திருந்தாலும், நிறுவனம் எத்தனை நற்சான்றுகள் கொடுத்தாலும், வேலையின் பேரில் விண்ணப்பிக்க வழியில்லை. 2025 ஜூலை 1 முதல் பர்மிட் தொழிலாளருக்கு இருந்த அதிகபட்சப் பணி ஆண்டுகளின் வரம்பு நீக்கப்பட்டு, வேலை செய்யக்கூடிய வயது 63 வரை உயர்த்தப்பட்டது. இதனால் நீண்ட காலம் தங்கி உழைக்க வாய்ப்புக் கூடியதே தவிர, நிரந்தரவாசத்துக்கான வாசல் திறக்கவில்லை. இந்த மாற்றத்தைக் காட்டி, பர்மிட்டிலேயே பி.ஆர். வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் பொய் சொல்கிறார் என்பதில் ஐயமே வேண்டியதில்லை.

எனவே பர்மிட்டில் உள்ள புதுக்கோட்டைத் தொழிலாளி நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய ஆதரவு, எஸ் பாஸுக்கு உயர்த்திக் கொள்வதற்கான ஆதரவாகும். எஸ் பாஸுக்கு விண்ணப்பிப்பது நிறுவனம்தான், தொழிலாளி அல்லர். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு மாத நிலைச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்த அளவும் ஏறும். நிதித் துறையில் இது இன்னும் அதிகம். நிலைச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாமல் தரப்படும் படிகளும் சேர்ந்தது; ஓ.டி. எனப்படும் மிகைநேர ஊதியமும் போனஸும் அதில் சேரா. ஓ.டி. சேர்த்து மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் கையில் வாங்கும் பர்மிட் தொழிலாளி, தமக்கும் எஸ் பாஸுக்கும் இடைவெளி சிறிதே என்று கணக்கிடுவது இங்கேதான் பிழைபடுகிறது.

நிறுவனம் ஏன் தயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் கேட்பவருக்கு ‘பார்க்கலாம்’ என்ற பதிலே கிடைக்கும். கட்டுமானத் துறையில் இந்தியத் தொழிலாளருக்காக நிறுவனம் மாதந்தோறும் அரசுக்குச் செலுத்தும் தீர்வை, அதாவது ‘லெவி’, 2024 ஜனவரி முதல், உயர்திறன் பெற்றவராயின் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவராயின் 900 வெள்ளி. எஸ் பாஸுக்கு லெவி 650 வெள்ளி. ஆகவே ‘ஸ்கில்’ தேர்வில் உயர்திறன் தகுதி பெற்று 500 வெள்ளி லெவியில் நிற்கும் ஒருவரை எஸ் பாஸுக்கு உயர்த்தும் நிறுவனம், லெவியில் 150 வெள்ளியும் சம்பளத்தில் அதைவிடப் பன்மடங்கும் கூடுதலாகச் செலவிடுகிறது. அதோடு, எஸ் பாஸ் இடங்கள் எண்ணிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டவை; கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை ஆகியவற்றில் மொத்தப் பணியாளரில் 15 விழுக்காடும், சேவைத் துறையில் 10 விழுக்காடும்தான் எஸ் பாஸில் இருக்கலாம். இருபது பேர் உள்ள சிறு ஒப்பந்த நிறுவனத்தில் மூன்று இடங்கள். அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் தள மேற்பார்வையாளருக்கும், இன்னொன்று வரைபடக்காரருக்கும் போய்விடும்.

இதனால் எஸ் பாஸ் கேட்பவர், தம் உழைப்பின் நீளத்தைச் சொல்வதைவிட, நிறுவனத்துக்கு அந்த இடத்தில் ஆள் தேவைப்படும் வேலையைத் தாம் செய்ய முடியும் என்று காட்டுவதே பயன் தரும். பணியிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பயிற்சி, கட்டுமான மேற்பார்வையாளருக்கான பாதுகாப்புப் பயிற்சி, ஆங்கிலத்தில் தள அறிக்கை எழுதும் பழக்கம் போன்றவை இதற்கு உதவுபவை. அவற்றுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு அனுப்புமாறு நிறுவனத்திடம் கேட்பது, பெரிய உதவியைக் கேட்பதற்கு முன் சிறிய உதவியைக் கேட்டுப் பார்ப்பதுமாகும். பட்டயப் படிப்பு இல்லாமல் ஊரில் போலிச் சான்று வாங்கி அனுப்புவது இன்றும் நடக்கிறது. வேலைச் சீட்டு விண்ணப்பத்தில் பொய்யான தகவல் தருவது 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

சம்பளச் சீட்டும் வங்கிப் பதிவும்

ஆவணங்களில் 3,300 வெள்ளி காட்டி, அதில் ஒரு பகுதியைப் பணமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. சிலவற்றில் தொழிலாளியின் வங்கி அட்டையே அலுவலகத்தில் இருக்கும். சிலவற்றில் தங்குமிடம், உணவு, லெவி என்று பெயர் சொல்லிக் கழித்துக்கொள்வர். லெவியைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். வேலை தருவதற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ அவரிடம் பணம் பெறுவது 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கத்தக்கது. இத்தகைய ஏற்பாட்டுக்கு உடன்பட்டு எஸ் பாஸில் இருப்பவர் பி.ஆர். விண்ணப்பம் போடும்போது, தம் பெயரில் உள்ள பொய்க்கணக்கைத் தாமே ஓர் அரசு அலுவலகத்தின் மேசையில் கொண்டுபோய் வைக்கிறார் என்பதை உணர வேண்டும். சம்பளச் சீட்டில் ஒரு தொகையும், வங்கிக் கணக்கில் வேறொரு தொகையும், மூன்று நாள் கழித்து அதே கணக்கிலிருந்து மாதந்தோறும் ஒரே அளவில் எடுக்கப்படும் இன்னொரு தொகையும் இருந்தால், அந்த வரிசையைப் படிக்கத் தேர்ந்த அதிகாரி தேவையில்லை.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல், விவரம் பிரித்த சம்பளச் சீட்டு தருவது நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், மிகைநேரம் எத்தனை மணி, அதற்கு எவ்வளவு, எந்தத் தேதிகளுக்குரியது, கொடுக்கப்பட்ட தேதி என்ன என்பவை அதில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு நகலைக் கேட்காமல் வரும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. மாதச் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதே மாத வங்கிப் பதிவையும் அடுத்தடுத்து ஒரே கோப்பில் சேர்த்து வைப்பவர், பிற்பாடு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கெஞ்ச வேண்டிய நிலை வராது.

வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு இதே வரிசையில் வருவது. மாதம் 3,300 வெள்ளி வாங்குபவரின் ஆண்டு வருமானம் 39,600 வெள்ளி. வரி நோக்கில் சிங்கப்பூர்வாசியாகக் கருதப்படுபவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 3.5 விழுக்காடு என்ற கணக்கில், கழிவுகளுக்கு முன் 536 வெள்ளி வரி வரும். இந்தச் சிறு தொகையைக் கட்டிய அறிவிப்பு, நிறுவனத்தின் புகழுரை நிறைந்த கடிதத்தைவிட வலுவான சான்று. ஏனெனில் நிறுவனம் அரசுக்குத் தனியாக அனுப்பும் சம்பள விவரத்தோடு அது ஒத்துப்போகிறது.

நிறுவனத்தின் கணக்கு

எஸ் பாஸில் இருப்பவர் பி.ஆர். விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் ஒப்பம் கேட்கும்போது, நிறுவனத்துக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொண்டு போவது நல்லது. நிரந்தரவாசியானவருக்கு லெவி இல்லை. அதற்குப் பதிலாக மத்திய சேம நிதிக்கு, நம் ஊர் வருங்கால வைப்பு நிதியை ஒத்த ஏற்பாட்டுக்கு, நிறுவனமும் பணியாளரும் பங்கு செலுத்த வேண்டும். 55 வயதுக்கு உட்பட்டவருக்கு நிறுவனத்தின் பங்கு முதலாண்டில் 4 விழுக்காடு, இரண்டாமாண்டில் 9 விழுக்காடு, மூன்றாமாண்டிலிருந்து 17 விழுக்காடு. 3,300 வெள்ளி சம்பளத்தில் இது முறையே 132, 297, 561 வெள்ளி ஆகும். எஸ் பாஸுக்கு மாதம் 650 வெள்ளி லெவி கட்டிவந்த நிறுவனத்துக்கு மூன்றாமாண்டிலும்கூட இதில் மிச்சமே. சம்பளம் ஏறினால் இந்தக் கணக்கு மாறும். 4,000 வெள்ளி வாங்குபவருக்கு மூன்றாமாண்டுப் பங்கு 680 வெள்ளி ஆகி, லெவியைத் தாண்டிவிடும். இ பாஸில் இருப்பவருக்கு லெவியே கிடையாது என்பதால், அவர் நிரந்தரவாசியாவது பணக்கணக்கில் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு மட்டுமே.

ஆனால் நிறுவனம் பார்க்கும் பெரிய ஆதாயம் பணத்தில் இல்லை. நிரந்தரவாசி உள்ளூர்ப் பணியாளராகக் கணக்கிடப்படுகிறார். கட்டுமானத் துறையில், அரசு வகுத்த குறைந்தபட்ச உள்ளூர் ஊதியத்தைப் பெறும் ஓர் உள்ளூர்ப் பணியாளருக்கு ஐந்து வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பது 2024 ஜனவரி முதல் உள்ள விகிதம். எனவே எஸ் பாஸில் இருந்த ஒருவர் நிரந்தரவாசியாகும்போது அவருடைய எஸ் பாஸ் இடம் காலியாகிறது. அதற்கு மேல் ஐந்து பேரை எடுக்கவும் இடம் உண்டாகிறது. ஆள் கிடைக்காமல் வேலைகளைத் தள்ளிப்போடும் சிறு ஒப்பந்தக்காரருக்கு இது சிறிய விஷயமன்று. எஸ் பாஸ் பணியாளருக்குக் கட்டாயமாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடும், சீட்டைப் புதுப்பிக்கும் அலைச்சலும் அவருக்கு இல்லாமற் போகின்றன.

எதிர்ப்பக்கத்தில் ஒரே ஓர் அச்சம் நிற்கிறது. நிரந்தரவாசியானவர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். அவரைத் தடுக்கச் சீட்டு இல்லை. பல முதலாளிகள் மறுப்பதன் உண்மையான காரணம் இதுதான். அவர்கள் வாயால் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். இந்த அச்சத்தைப் பேசித் தீர்க்க முடியும்: நடப்பு ஒப்பந்தக் காலம் முடியும் வரை இருப்பதாகவும், தம் வேலைக்கு ஒருவரைப் பழக்கிக் கொடுப்பதாகவும் பணியாளர் சொல்லலாம். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதும், பி.ஆர். கிடைத்தால் இத்தனை ஆயிரம் வெள்ளி தருவதாக எழுதிக் கொடுப்பதும், கடவுச்சீட்டை அடகாக விடுவதும் எந்த நிலையிலும் கூடாதவை. ஒப்பமிட நிறுவனத்துக்குச் சட்டக் கடமை எதுவும் இல்லை என்பதால், மறுத்தால் புகார் செய்ய இடமில்லை. ஒப்பத்துக்கு விலை கேட்டால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்ய இடம் உண்டு.

கேட்கும் காலமும் முக்கியமானது. எஸ் பாஸ் இரண்டாண்டு வரை வழங்கப்படுவது. விண்ணப்பம் முடிவாகச் சாதாரணமாக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். சீட்டு முடிய மூன்று மாதம் இருக்கையில் பி.ஆர். கேட்பவர், சீட்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்ற நிறுவனத்தின் பேரத்துக்குள் தம் விண்ணப்பத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். புதுப்பித்த இரண்டொரு மாதத்தில் கேட்பதே சரி. அதையும் தள மேற்பார்வையாளரிடம் தொடங்காமல், சம்பளக் கணக்கும் கையொப்ப அதிகாரமும் உள்ளவரிடம், மனிதவளப் பிரிவு இல்லாத சிறு நிறுவனமாயின் இயக்குநரிடமே, தொடங்க வேண்டும்.

இணைப்பு ‘ஏ’யும் கடிதமும்

விண்ணப்பம் இணையம் வழியாக, பணியாளரின் சிங்பாஸ் கணக்கில் நுழைந்து செய்யப்படுகிறது. சிங்பாஸ் என்பது சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு. அதன் கடவுச்சொல்லைக் கம்பெனி எழுத்தரிடமோ ஏஜெண்டிடமோ கொடுப்பது வங்கிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். கட்டணம் ஒருவருக்கு 100 வெள்ளி. மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. படிவத்தைத் திறந்தால் ஏழு நாட்களுக்குள் நிரப்பி முடிக்க வேண்டும் என்பதால், எல்லா ஆவணங்களும் கையில் வந்த பிறகு திறப்பதே முறை.

நிறுவனம் நிரப்ப வேண்டியது இணைப்பு ‘ஏ’ எனப்படும் தாள். நிறுவனத்தின் பதிவு விவரம், தொழில் வகை, விண்ணப்பதாரரின் பதவி, சம்பளம் ஆகியவற்றை உறுதிசெய்து, அதிகாரம் பெற்றவர் கையொப்பமும் நிறுவன முத்திரையும் இடுவது அதன் வேலை. நிறுவனத்திடமிருந்து உண்மையில் தேவைப்படுவது இந்தத் தாள், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், பணியில் சேர்ந்த நாளும் பதவியும் சம்பளமும் சொல்லும் பணிச் சான்று ஆகியவையே. சிறு நிறுவனங்களில் இணைப்பு ‘ஏ’யைக் கண்டதும் தங்களைப் பிணையாளராக்கும் பத்திரம் என்று அஞ்சி ஒதுக்கிவைப்பது உண்டு, அது தகவலை உறுதிப்படுத்தும் தாள் மட்டுமே என்று பணியாளர் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். அதில் எழுதப்படும் பதவிப் பெயர் எஸ் பாஸில் உள்ள பெயரோடும், சம்பளம் சம்பளச் சீட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அன்பின் மிகுதியால் ‘சூப்பர்வைசர்’ என்பதை ‘மேனேஜர்’ என்று உயர்த்தி எழுதிக் கொடுக்கும் முதலாளி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஊறு செய்கிறார்.

பரிந்துரைக் கடிதம் கட்டாயமன்று. நிறுவனம் தர முன்வந்தால் வாங்கலாம். வாங்குவதானால், நேர்மையானவர், கடின உழைப்பாளி என்று எவருக்கும் பொருந்தும்படி எழுதாமல், எந்தத் தளங்களில் எந்த ஆண்டு முதல் எத்தனை பேரை மேற்பார்வை செய்தார், விபத்தில்லாமல் எந்த வேலையை முடித்தார், உள்ளூர்ப் பயிற்சியாளர் எவருக்கேனும் வேலை கற்றுக் கொடுத்தாரா, அவர் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு எந்த வேலை நின்றுபோகும் என்று அரைப் பக்கத்தில் எழுதுமாறு கேட்க வேண்டும். குறிப்புகளைப் பணியாளரே தொகுத்துக் கொடுத்தால் எழுதுபவருக்கு எளிது. கடிதத்தைப் பணியாளரே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்குவது, இரண்டு பேர் ஒரே நடையில் எழுதிய கடிதங்களாக வந்து நிற்கும் அளவுக்கு இப்போது பெருகிவிட்டது.

ஆணையம் தன் மதிப்பீட்டில் கருதுபவையாகச் சொல்பவை: சிங்கப்பூரரோடு உள்ள குடும்பத் தொடர்பு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, குடும்ப அமைப்பு, தங்கியிருந்த காலம் ஆகியவை. எதற்கு எவ்வளவு எடை என்று அது வெளியிடுவதில்லை. மறுத்தால் காரணமும் சொல்வதில்லை. 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பேருக்கு, எல்லா நாட்டவருக்கும் எல்லா வழிகளிலுமாகச் சேர்த்து, இந்தத் தகுதி வழங்கப்பட்டது. நிறுவனத்தின் ஆதரவு இந்தப் பட்டியலில் ‘பொருளாதாரப் பங்களிப்பு’ என்ற ஒரு தலைப்பின் கீழ் மட்டுமே அடங்குகிறது என்பதைக் கவனித்தால், மற்றவற்றைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

புதுக்கோட்டையில் முடிக்க வேண்டியவை

நிறுவனம் எல்லாம் கொடுத்தும் விண்ணப்பம் தடுமாறுவது பெரும்பாலும் ஊர்க் காகிதங்களில்தான். பிறப்புச் சான்று இல்லாதவர்கள், அல்லது சான்று இருந்தும் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், 1980-களிலும் அதற்கு முன்பும் கிராமத்து வீடுகளில் பிறந்தவர்களிடையே அதிகம். கிராமப் பகுதிகளில் பிறப்பு, இறப்புப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர். நகராட்சிகளில் அந்தந்த நகராட்சி அலுவலகம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என மூன்று கோட்டங்கள் உள்ளன. பிறப்பு எங்கும் பதியப்படவில்லை என்ற சான்றை முதலில் வாங்கி, பள்ளி மாற்றுச் சான்றிதழையும் இணைத்தே அந்த மனு போக வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு உறவினரை வைத்து இதை நடத்துவது மாதக்கணக்கில் இழுப்பதால், விடுமுறையில் வரும்போதே முடித்துவிடுவது மேல். வயது ஐம்பதைக் கடந்தவர்களின் ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்றுதான் உருவானது, அதற்கு முன் அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்திலும் புதுக்கோட்டைப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இருந்தன. பழைய சான்றில் ஒரு மாவட்டமும் கடவுச்சீட்டில் வேறொரு மாவட்டமும் இருப்பதற்கு ஒரு வரி விளக்கம் இணைத்துவிட்டால் போதும்.

முதலெழுத்துச் சிக்கல் இதைவிடப் பெரியது. பள்ளிச் சான்றில் ‘மு. கருப்பையா’ என்றும், கடவுச்சீட்டில் பெயர் கருப்பையா, குடும்பப் பெயர் முத்தையா என்றும், மனைவியின் திருமணச் சான்றில் ‘எம். கருப்பையா’ என்றும், பிள்ளையின் பிறப்புச் சான்றில் வெறும் ‘கருப்பையா’ என்றும் இருப்பது நம் வழக்கில் இயல்பே. நம் பெயர் முறையை அறியாத அலுவலருக்கு இவர்கள் நான்கு ஆட்கள். திருத்தம் தொடங்க வேண்டிய இடம் கடவுச்சீட்டு. புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. கடவுச்சீட்டில் மாற்றம் செய்தால் எஸ் பாஸ் விவரத்தையும் நிறுவனத்தின் வழியே மாற்ற வேண்டும். அதற்குப் பிறகே இணைப்பு ‘ஏ’யை நிரப்பக் கொடுக்க வேண்டும். வரிசை தவறினால் நிறுவனத்திடம் இரண்டாம் முறை கையொப்பம் கேட்டு நிற்க நேரிடும்.

திருமணப் பதிவு பலர் தவறவிடுவது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நடைமுறைக்கு வந்த பிறகு, எந்த மதத்தாருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். கோயில் ரசீதும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஜமாஅத் பதிவேட்டின் நகலும் துணைச் சான்றுகளாகலாம். அரசுச் சான்றுக்கு ஈடாகா. ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்துக்கும் முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். கணினி மையத்தில் தட்டச்சு செய்து வாங்கிய மொழிபெயர்ப்பு போதாது, நோட்டரி அல்லது தூதரகச் சான்று இருக்க வேண்டும்.

மகனின் பெயரைச் சேர்க்கும் முன்

எஸ் பாஸில் இருப்பவர் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலோரின் மனைவி மக்கள் ஊரில்தான் இருக்கின்றனர். பி.ஆர். விண்ணப்பத்தில் மனைவியையும் 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். மகனைச் சேர்ப்பது தனியே யோசிக்க வேண்டியது. வேலையின் பேரில் தகுதி பெறும் தந்தைக்குத் தேசிய சேவை எனப்படும் கட்டாயப் படைச் சேவை இல்லை. அவர் பெயரால் தகுதி பெறும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு செய்து, பதினெட்டில் இரண்டாண்டு முழுநேரச் சேவைக்குச் செல்ல வேண்டும். சேவை செய்யாமல் தகுதியைக் கைவிட்டால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது பாதகமாகக் கருதப்படும். பதினான்கு வயது மகனை ஆலங்குடிப் பள்ளியில் வைத்துக்கொண்டே அவன் பெயரில் விண்ணப்பிக்கும் குடும்பம், அவனை அங்கே அழைத்துப்போய் வளர்க்கப் போகிறதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பேச்சு பெரும்பாலான வீடுகளில் கடிதம் வந்த பிறகே நடக்கிறது.

கையில் வரும் சம்பளமும் குறையும். பணியாளரின் சேம நிதிப் பங்கு முதலாண்டில் 5, இரண்டாமாண்டில் 15, மூன்றாமாண்டிலிருந்து 20 விழுக்காடு. 3,300 வெள்ளியில் 165, 495, 660 வெள்ளி. ஊருக்கு அனுப்பும் பணத்தை நம்பி வட்டி கட்டும் குடும்பத்துக்கு மூன்றாமாண்டு இது கடுமையாகத் தெரியும். அந்தப் பணம் அவர் பெயரிலேயே சேர்கிறது. நிரந்தரவாசத்தைக் கைவிட்டுச் சிங்கப்பூரை விட்டு அறவே வெளியேறுபவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பிற நாடுகள்

வளைகுடா நாடுகளில் சாதாரணத் தொழிலாளிக்கு, முதலாளியின் ஆதரவால் நிரந்தரவாசம் பெறும் வழி இல்லை. அங்கே வசிப்பிட அனுமதியே வேலையோடு கட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர்மாறு: நிறுவனமே முன்மொழிய, தொழிலாளி நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் 186 என்ற பிரிவு உள்ளது, தகுதியான தற்காலிக விசாவில் இரண்டாண்டு வேலை செய்தவர் அதற்குப் போகலாம். அங்கும் முன்மொழிவதற்குப் பணம் கேட்பதும் கொடுப்பதும் தண்டனைக்குரியவை.

மறுப்புக் கடிதம் வந்தால்

சிங்கப்பூரிலிருந்து மறுப்பு வந்தால், மறுநாளே அதே தாள்களோடு மீண்டும் விண்ணப்பிப்பதில் பொருளில்லை. சம்பளம் உயர்ந்திருக்கிறதா, பதவி மாறியிருக்கிறதா, புதிய பயிற்சிச் சான்று சேர்ந்திருக்கிறதா, இன்னொரு ஆண்டு வரி மதிப்பீடு வந்திருக்கிறதா என்று பார்த்து, இவற்றில் ஒன்றாவது மாறிய பிறகு கேட்பதே முறை. புதிய விண்ணப்பத்துக்கு இணைப்பு ‘ஏ’ புதிதாக வேண்டும் என்பதால், மறுப்பைச் சொல்லாமல் மறைப்பதைவிட ஒப்பமிட்டவரிடம் உடனே தெரிவித்துவிடுவது அடுத்த முறை கேட்பதை எளிதாக்கும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலை மாறினால் விண்ணப்பத்தின் அடிப்படையே மாறிவிடுகிறது. ஆணையத்துக்கு அதைத் தெரிவித்து, புதிய நிறுவனத்தின் தாள்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய நிறுவனம் கொடுத்த பணிச் சான்றையும் சம்பளச் சீட்டுகளையும் விலகும் நாளிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். விலகிப் பல மாதம் கழித்து அவற்றைக் கேட்டு அலுவலகப் படியேறுபவருக்கு, அங்கே தம் பெயர் தெரிந்தவர் எவரும் மிஞ்சியிருப்பதில்லை.